ஃப்ளாஷ் வீண் சுமை இல்ல, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கு வணக்கம், எங்க அணிக்கும் எதிரணிக்கும் லைவ்ல பாத்துட்டு இருக்கற எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு, போகிமான் கேம்ல ஃப்ளாஷ்ங்கற மூவ் வழித்துணையா வீண் சுமையா. நான் வழித்துணை அணி. எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா அருமையா பேசினாங்க, கைதட்டலையும் அள்ளிட்டாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அவங்க பெரிய ஆயுதமா தூக்கிக் காட்டின விஷயம் இருக்கே, ஃப்ளாஷ் இல்லாமலே ராக் டன்னல்ங்கற இருட்டு குகைய தாண்டிடலாம்னு சொன்னாங்களே, அதுதான் நடுவர் அவர்களே எங்க அணியோட முதல் சாட்சி. எப்படின்னு சொல்றேன்.

இந்த கேம் தெரியாம உள்ள வந்தவங்களுக்கு ரெண்டு வரி. 1996 பிப்ரவரில ஜப்பான்ல ரெட், கிரீன்னு கேம் பாய்ங்கற கையடக்க மெஷின்ல வந்ததுதான் ஆரம்பம். போகிமான்னா நாம புடிச்சு வளத்து சண்டைக்கு விடற ஜீவன், மூவ்னா அதோட வித்தை. ஒரு போகிமான் நாலு மூவ்தான் வச்சுக்க முடியும். அதுல எச்எம், அதாவது ஹிடன் மெஷின்னு ஒரு தனி ஜாதி, அஞ்சு இருந்துச்சு, கட், ஃப்ளை, சர்ஃப், ஸ்ட்ரெங்த், ஃப்ளாஷ். சண்டையிலயும் போடலாம், வெளிய நடந்து போறப்பவும் யூஸ் பண்ணலாம், கத்துக்குடுத்துட்டா அந்த முதல் கேம்கள்ல மறக்க வைக்கவே முடியாது. ஃப்ளாஷ் சண்டையில எதிரியோட அக்யுரசிய, அதாவது அடி குறி தப்பாம படற வாய்ப்ப, ஒரு படி இறக்கும், குகையில போட்டா இருட்டு விலகும்.

இப்ப அந்த முதல் கேம் நடக்கற கான்டோ பகுதியோட மேப்ப மனசுல விரிச்சுக்கோங்க. வெர்மிலியன் ஊர்ல ஜிம்ங்கற சண்டைக்கூடத்தோட லீடர் லெப்டினன்ட் சர்ஜ அடிச்சு மூணாவது பேட்ஜ் வாங்கியாச்சு, அடுத்து எங்க போறது? சாஃப்ரான் சிட்டிக்குள்ள போக முடியாது, நாலு பக்கமும் வாசல்ல காவலாளி நின்னுட்டு தாகமா இருக்குன்னு சொல்லி திருப்பி அனுப்பிடுவான், அவனுக்கு குடுக்க ட்ரிங்க் வாங்கணும்னா செலடான் போகணும், செலடான் போகணும்னா லாவெண்டர் டவுன் வழியா போகணும். சரி தெற்கு பக்கமா சுத்திட்டு போலாம்னா ரூட் 12ல ஸ்னார்லாக்ஸ்ங்கற பெரிய போகிமான் நடுரோட்டுல படுத்து தூங்குது. மிச்சம் இருக்கறது ராக் டன்னல் ஒண்ணுதான். மொத்த கேமும் அந்த ஒரு குகைக்குள்ள நம்மள கொண்டு வந்து விடுது, அந்த குகை கும்மிருட்டு.

ஒண்ணு கவனிங்க. கட் இல்லன்னா மரம் வழிய மறிக்கும், ஒரு அடி நகர முடியாது. சர்ஃப் இல்லன்னா தண்ணி மறிக்கும். ஸ்ட்ரெங்த் இல்லன்னா பாறாங்கல்லு மறிக்கும். இதெல்லாம் பூட்டு, மூவ் வந்து சாவி, சாவி இருந்தா உள்ள இல்லன்னா வெளிய, அவ்வளவுதான் பேச்சே. ஆனா ராக் டன்னல் வாசல்ல யாராவது நிக்கறாங்களா? காவலாளி இல்ல, மரம் இல்ல, கல்லு இல்ல. வெறும் கையோட வர்றியா, வா, உன் தைரியம் உன் பாடுன்னு விட்டுடுது. முதல் கேம்ல இருந்த அஞ்சு எச்எம்ல முடிவ நம்ம கையில குடுத்தது ஃப்ளாஷ் ஒண்ணுதான், ஃப்ளை கூட வெறும் சவுகரியம், அது இல்லாம போனா நடந்துடலாம், பயம் ஒண்ணும் கிடையாது. ஃப்ளாஷ் இல்லாம போலாம், ஆனா என்ன விலைன்னு உள்ள போனாத்தான் தெரியும்.

அந்த விலை என்னன்னு சொல்றேன். ஒரிஜினல் கேம் பாய்க்கு பேக்லைட் கிடையாது. ஸ்கிரீன்ல நாலே நாலு சாயல்தான், வெளிச்சத்துல இருந்து கருப்பு வரைக்கும். ராக் டன்னலுக்குள்ள நுழைஞ்ச உடனே அந்த நாலும் சுருங்கி கருப்பும் அதுக்கு அடுத்த கருஞ்சாயலும் மட்டும் மிச்சம் இருக்கும், சுவரோட ஓரம் இருக்கா இல்லையான்னு கண்ண இடுக்கிப் பாக்கணும். ஜப்பான்ல அந்த கேம விளையாடின பசங்க நிஜமான விளக்குக்கு கீழ கேம் பாய சாய்ச்சு புடிச்சுதான் அந்த பொய்யான இருட்டுக்குள்ள நடந்திருக்கணும், வேற வழியே இல்ல. கண்ணு உதவலன்னா காதுதான். சுவர்ல மோதினா டொக்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த சத்தத்த வச்சே வலது, டொக், மேல, டொக், கீழ, ஆங் போகுதுன்னு தடவித் தடவி போகணும். நடுவுல ஜுபாட்னு ஒரு காட்டு போகிமான் சண்டைக்கு வரும், அது போனா ஜியோட்யூட், அது போனா இன்னொரு ஜுபாட். நம்மள மாதிரி போகிமான் வளக்கற ட்ரெய்னருங்களுக்கு மட்டும் இருட்டு ஒரு பொருட்டே இல்ல, நம்ம அவங்க கண்ணுல படற கோட்டுக்கு வந்தா போதும், நேரா வந்து நின்னு சண்டைக்கு கூப்பிடுவாங்க. கூட வர்ற போகிமான்ல பாதி மயங்கிக் கெடக்க, போஷன் மருந்து தீந்து போய், எந்தப் பக்கம் வாசல்னே தெரியாம நிக்கறப்ப ஃப்ளாஷ் இருக்கறவன் ஒரு பட்டன் அழுத்தி மொத்த குகையையும் பாக்கறானே, அந்த வித்தியாசத்த வீண்னு சொல்ல எனக்கு மனசு வரல நடுவர் அவர்களே.

எதிரணி தம்பி ஒருத்தர் எழுந்து, அந்த எச்எம்ம எங்கயோ மூலையில ஒளிச்சு வச்சுட்டாங்க, யாருமே தானா போய் எடுக்க மாட்டாங்கன்னு சொன்னார். தம்பி, அந்த மூலைக்கு போற வழியத்தான் நான் இந்த கேம்லயே அழகான டிசைன்னு சொல்லுவேன். வெர்மிலியனுக்கு கிழக்கால ரூட் 11ல டிக்லெட்ஸ் கேவ் இருக்கு. உள்ள பூந்து மறுபக்கம் வெளிய வந்தா எங்க நிக்கறோம்? ரூட் 2. ப்ராக்ங்கற லீடரோட மொதல் ஜிம் இருந்த பியூட்டர் சிட்டி பக்கத்துலயே. அப்ப வந்தப்ப மரம் மறிச்சதால போக முடியாத பாதை அது. இப்ப கையில கட் இருக்கு, மரத்த வெட்டிட்டு தெற்கால போனா ஒரு கேட் வீட்டுக்குள்ள போகிமான ஆராயற புரொஃபசர் ஓக்கோட உதவியாளர் உக்காந்திருப்பார், பத்து வகை போகிமான் புடிச்சிருக்கியான்னு கேப்பார், புடிச்சிருந்தா எச்எம் 05, ஃப்ளாஷ், உன் கையில. ஒரே போகிமான வச்சு அடிச்சு தள்ளிட்டு ஓடி வந்தவனுக்கு கிடைக்காது, வழியெல்லாம் நின்னு புல்லுல தேடித் தேடி புடிச்சவனுக்கு கிடைக்கும். இந்த சீரிஸ உருவாக்குன சடோஷி தஜிரி சின்ன வயசுல டோக்கியோ பக்கத்துல மச்சிடாவுல பூச்சி புடிச்சு சேத்தவரு, அந்த ஆசையிலதான் இந்த கேமே பொறந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். புடிச்சு சேக்கறதுதான் இந்த கேமோட உயிருன்னா, அதுக்கு கிடைக்கற பரிசு வெளிச்சம்னு வச்சது சும்மா வச்சது இல்ல. அதுவும் குகைல அத யூஸ் பண்ண ப்ராக்கோட மொதல் பேட்ஜே போதும், பெரிய பெரிய ஜிம் லீடர ஜெயிச்சுட்டு வான்னு சொல்லல.

ஸ்லாட், அதாவது மூவ் வைக்கற இடம், அந்த பிரச்சனைக்கு வர்றேன், ஏன்னா எதிரணிக்கு அதுலதான் அதிகமா கைதட்டல் வந்துச்சு. நாலு ஸ்லாட்ல ஒண்ணு போச்சேன்னு அழுதாங்க. யாரு உங்க சாரிஸார்டுக்கு ஃப்ளாஷ் கத்துக்குடுக்க சொன்னது, அதுக்கு கத்துக்கவும் முடியாது! வால்ல நெருப்ப வச்சுக்கிட்டு, அதோட சின்ன வடிவம் சார்மண்டருக்கு ஃப்ளாஷ் வராதான்னு கேலி பண்ணாங்க, சரி, அது அவங்க வச்ச ரூல். ஆனா பிகாச்சு கத்துக்கும், ஆப்ரா கத்துக்கும், ட்ரௌஸி கத்துக்கும், மேக்னமைட், வோல்டார்ப் கத்துக்கும். அந்த முதல் கேம்கள் ரெட், ப்ளூல இருட்டு குகைன்னு இருக்கறதே ராக் டன்னல் ஒண்ணுதான். சண்டைக்கு எடுக்காத ஒரு ட்ரௌஸிய கூட கூட்டிட்டு போங்க, லாவெண்டர்ல வெளிய வந்ததும் போகிமான சேத்து வைக்கற பிசில போட்டுடுங்க, எந்த ஸ்லாட் போச்சு? மறக்க வைக்க முடியாதுங்கறது எச்எம்முக்கு வச்ச சட்டத்தோட குத்தம், வெளிச்சத்தோட குத்தம் இல்ல. 2006ல டைமண்ட், பேர்ல் வந்தப்ப கம்பெனியே அத புரிஞ்சுக்கிட்டு ஃப்ளாஷ எச்எம் லிஸ்ட்ல இருந்து எடுத்து டிஎம், அதாவது டெக்னிகல் மெஷின் 70னு மாத்திட்டாங்க, வேணாம்னா மறந்துக்கலாம். அதோட அதுவரைக்கும் நூத்துக்கு எழுவது தடவைதான் பட்டுச்சு, அத நூறா ஏத்தினாங்க.

சண்டையில அது ஒண்ணும் பெரிய மூவ் இல்லன்னு நானே ஒத்துக்கறேன், அதுக்காக வாதாட போறதும் இல்ல. இப்ப இருக்கற கணக்குல ஒரு தடவை பட்டா எதிரியோட அக்யுரசி முக்காலாகும், ஆறு தடவை பட்டா மூணுல ஒரு பங்கு. அவ்வளவு டர்ன் யாரு விடறா. விடுங்க.

அடுத்து வந்த கோல்ட், சில்வர் கேம் நடக்கற ஜோட்டோவுக்கு வாங்க. அங்க இருட்டுன்னா முழு இருட்டு, ராக் டன்னல்ல தெரிஞ்ச அந்த கொஞ்சம் சுவர் ஓரம் கூட தெரியாது. அங்க ஃப்ளாஷ் குடுக்கறது வயலட் சிட்டி ஸ்ப்ரௌட் டவர்ல இருக்கற பெரியவர். நாம உச்சிக்கு ஏறிப் போறப்ப நம்ம போட்டியாளன், ரைவல், அவர ஏற்கனவே ஜெயிச்சு நிக்கறான். அந்த பெரியவர் அவனுக்கும் சொன்னபடி எச்எம்ம குடுத்துடறார், ஆனா குடுக்கறப்பவே நீ போகிமான நடத்தற விதம் சரியில்லப்பா, ரொம்ப கடுமையா இருக்கன்னு புத்தி சொல்றார். அவன் அத மதிக்காம எஸ்கேப் ரோப்ங்கற தப்பிக்கற கயித்த போட்டு போயிடறான். கட், ஸ்ட்ரெங்த் குடுக்கறப்ப இந்த மாதிரி ஒரு வார்த்தை யாராவது சொன்னாங்களா? வெளிய வந்து ரூட் 32ல மரீப்னு ஒரு போகிமான் புடிச்சா போதும், அது ஃப்ளாஷ் கத்துக்கும், அப்புறம் அதுவே வளந்து ஆம்பரோஸ் ஆகும், அதே இன ஆம்பரோஸ் ஒண்ணுதான் ஒலிவைன் சிட்டி கலங்கரை விளக்கத்துல உடம்பு சரியில்லாம படுத்திருக்கும், அந்த ஊர் ஜிம் லீடர் ஜாஸ்மின் ஜிம்ம விட்டுட்டு அது பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. கடலுக்கே வெளிச்சம் குடுக்கற போகிமானுக்கு நாம மருந்து தேடி சியான்வுட் வரைக்கும் கடல் தாண்டிப் போறோம். வெளிச்சம்ங்கறத இந்த சீரிஸ் எவ்வளவு மதிச்சுதுன்னு இத விட எப்படி காட்டறது.

அப்ப ஏன் தூக்கிட்டாங்கன்னு எதிரணி கேக்குது. நியாயமான கேள்வி. 2016ல சன், மூன் வந்தப்ப எச்எம் முறையே போச்சு, ஃப்ளாஷ் மட்டும் இல்ல, எல்லாமே போச்சு, சவாரி போகிமான் வந்துச்சு. 2019ல ஸ்வார்ட், ஷீல்ட்ல ஃப்ளாஷ பயன்படுத்தவே முடியாத மூவ்கள் வரிசையில வச்சுட்டாங்க, எனக்கு அது நெஜமாவே வலிச்சுது. ஆனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி 2018ல என்ன நடந்துச்சு? லெட்ஸ் கோ பிகாச்சு, லெட்ஸ் கோ ஈவீ வந்துச்சு, அதே கான்டோ, அதே ராக் டன்னல். எச்எம்மே இல்லாத கேம்ல அந்த குகைய லைட் போட்டு வெளிச்சமா வச்சுட்டு போயிருக்கலாம்ல, யாரு கேக்கப் போறாங்க? வைக்கல. இருட்ட அப்படியே விட்டுட்டு, நம்ம தோள்லயோ தலையிலயோ உக்காந்திருக்கற பார்ட்னர் போகிமானுக்கு லைட் அப்னு ஒரு வித்தைய கத்துக்குடுத்து, ஸ்லாட் எதுவும் எடுத்துக்காம வெளிச்சம் போட வச்சாங்க. சுமைய எறக்கி வச்சுட்டாங்க, துணைய விடல. எதிரணி ஏன் தூக்கினாங்கன்னு கேட்டதுக்கு கம்பெனியோட பதில் இதுதான் நடுவர் அவர்களே.

மணி அடிச்சுட்டீங்க, தெரியுது, ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு உக்காந்துடறேன். ஹோயென் பகுதில நடக்கற எமரால்டு கேம்ல, ஏன்ஷியன்ட் டூம்னு ஒரு இடம். கேம் பாய் அட்வான்ஸ்ல, நம்மள்ல பல பேர் போன்ல எமுலேட்டர் போட்டு விளையாடின அதே எமரால்டு. உள்ள போனா சுவர்ல பிரெய்ல் எழுத்து, பார்வை இல்லாதவங்க விரலால தடவிப் படிக்கற அந்த புள்ளிகள், ஆனா இங்க நாம கண்ணால பாத்து ஒவ்வொரு எழுத்தா பிரிச்சு படிக்கணும். படிச்சா, நடுவுல நின்னு ஒளி வீசுன்னு வரும். அறைக்கு நடு மத்தியில போய் நின்னு ஃப்ளாஷ் போட்டா சுவர்ல வாசல் திறக்கும், உள்ள ரெஜிஸ்டீல்ங்கற போகிமான் நிக்கும். அந்த இடத்துல சர்ஃப் போட்டாலும் திறக்காது, ஸ்ட்ரெங்த் போட்டாலும் திறக்காது. ஃப்ளாஷ வீண்னு வீசிட்டு வந்தவங்க ரெஜிஸ்டீல பாக்காமலே திரும்பிப் போக வேண்டியதுதான், ரெஜின்னு பேர் தொடங்கற மூணு போகிமானும் வேணும்னு ஆசைப்படறவங்க ஃப்ளாஷ தேடித்தான் ஆகணும்.

எதிரணி இதுக்கு என்ன பதில் வச்சிருக்காங்கன்னு கேட்டுட்டு தீர்ப்ப நீங்க சொல்லுங்க. நன்றி, வணக்கம்.