எதிரியின் கப்பலில் ஏறிப் போய் எதிரியையே அடித்த கதை

வணக்கம் மக்களே! மதுரையில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி என்ன பேச்சு, அழகர் ஆற்றில் இறங்கவே அணையைத் திறக்க வேண்டிய ஊராச்சே என்று கமெண்ட் போடப் போகிறீர்கள். போடுங்கள், அதற்கு முன் பயணிகள் கப்பல்கள் போரில் சிப்பாய் சுமந்த இந்தக் கதையைக் கேளுங்கள்.

1914 ஆகஸ்ட். அன்றைக்கு உலகிலேயே பெரிய பயணிகள் கப்பல், ஜெர்மனிக்காரர்களுடையது, நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் ஹோபோக்கனில் நிற்கிறது. பெயர் ஃபாட்டர்லாண்ட். நாம் தாய்நாடு என்போம், அவர்களுக்கு அது தந்தைநாடு. போர் வெடித்துவிட்டது, வெளியே தலை காட்டினால் பிரிட்டிஷ் கடற்படை பிடித்துவிடும். அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. சரி, இங்கேயே இருப்போம் என்று கட்டிப்போட்டார்கள். எவ்வளவு நாள்? இரண்டரை வருஷத்துக்கும் மேல்! 1917 ஏப்ரலில் அமெரிக்காவே போரில் குதித்தது, கப்பலைப் பறிமுதல் செய்து லெவையதான் என்று பெயர் மாற்றி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களை ஐரோப்பாவுக்கு ஏற்றிப்போனது. யாரோடு சண்டை போட? ஜெர்மனியோடு. தந்தைநாடு என்ற பெயரோடு வந்த கப்பல் தந்தைநாட்டையே அடிக்க ஆள் சுமந்தது.

சட்டம் என்ன என்றால், 1907 ஹேக் ஒப்பந்தப்படி போரிடும் நாட்டின் போர்க்கப்பல் நடுநிலைத் துறைமுகத்தில் பொதுவாக 24 மணி நேரம்தான் நிற்கலாம். பயணிகள் கப்பலுக்கு அந்தக் கெடு கிடையாது. அவ்வளவுதான், மேலே போவோம்.

இரண்டாம் உலகப் போரிலும் அதே நியூயார்க், அதே நடுநிலை. 1940 மார்ச்சில் இரண்டு வாரம், உலகின் மிகப் பெரிய மூன்று கப்பல்களும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பிரான்சின் நார்மண்டி, பிரிட்டனின் குயின் மேரி, அப்புறம் ஒரு பயணியைக்கூட ஏற்றாமல் ரகசியமாகக் கடலைக் கடந்து வந்த புத்தம் புது குயின் எலிசபெத். இந்த மூன்றையும் ஒரே படத்தில் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

இதில் குயின் மேரி சாம்பல் பெயிண்டோடு சிட்னிக்குப் போய், சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் படைக்கப்பலானது. கம்பளம், பீங்கான், சோபா எல்லாம் வெளியே, அடுக்குக் கட்டில்கள் உள்ளே. அமைதிக் காலத்தில் சுமார் 2,100 பயணிகள் போன கப்பலில், 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் மாலுமிகளையும் சேர்த்து 16,683 பேர்! சிப்பாய்கள் மட்டுமே 15,740. ஏழு மடங்கு. 50 சீட்டு டவுன் பஸ்ஸில் 350 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா அன்று பெரியார் நிலையத்தில் பஸ் ஏறியவர்கள், இதென்ன பெரிய விஷயம், படிக்கட்டிலேயே பாதிப் பேர் போவோமே என்பீர்கள். ஆனால் அழகர்கோவிலுக்கு ஒரு மணி நேரம், இங்கே அட்லாண்டிக் முழுக்க! கட்டில் பத்தாமல் முறை வைத்துத் தூங்கினார்கள். நம் பக்கம் வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுவார்களே, அது மாதிரி முறைத் தூக்கம். ஒருத்தர் எழுந்தால் இன்னொருத்தர். சாப்பாடு நாளைக்கு இரண்டே வேளை, அதற்கும் பந்திக்கு முந்த வேண்டும். கப்பலை சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்றாகப் பிரித்து, தன் நிறப் பகுதியை விட்டு யாரும் நகரக் கூடாது என்று உத்தரவு. நம் ஆட்களாக இருந்தால் முதல் நாளே அங்கே சொந்தக்காரன் இருக்கான் சார் என்று கிளம்பியிருப்பார்கள்.

இத்தனை பேரை வைத்துக்கொண்டு துணைக்கப்பல் இல்லாமலே அட்லாண்டிக் நடுவே போனது, காரணம் வேகம். நீர்மூழ்கியால் துரத்த முடியாது. எதற்கும் நிற்காதே என்பதுதான் கட்டளை. 1942 அக்டோபரில் அயர்லாந்துக்கு அருகே தன் காவலுக்கு வந்த குரசோவா போர்க்கப்பலையே இடித்து இரண்டாக்கியபோதும் நிற்கவில்லை. முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதற்கு ஜோக் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நார்மண்டி கதை இன்னொரு கொடுமை. படைக்கப்பலாக மாற்றும்போது வெல்டிங் பொறி உயிர்காப்பு உடைகளில் விழுந்து தீ, அணைக்க ஊற்றிய தண்ணீரின் கனத்தில் துறைமுகத்திலேயே சாய்ந்துவிட்டது. 1942 பிப்ரவரி.

கடைசியாக நம்மூர் சமாச்சாரம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலாவை மறந்திருக்க மாட்டீர்கள். 1926-ல் கட்டியது, அதுவும் போரில் படை சுமந்தது. டெக் டிக்கெட்டில் மட்டும் ஐயாயிரம் பேர் பாய் விரித்துப் போன கப்பல், படைக்கென்று அதில் புதிதாக நெருக்க என்ன இருந்திருக்கும்! உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா ரஜூலாவில் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி கிடந்தால் தூசி தட்டிப் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோ அதுதான்.