சிக்கன் சாப் நம்ம ஊர்ச் சாப்பாடுதான்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'சிங்கப்பூரின் மலிவு விலை வெஸ்டர்ன் சாப்பாடு நம் ஊருடையதா, இரவல் வாங்கியதா?' இதுதான் இன்றைய தலைப்பு. நம் ஊருடையதே என்று பேச வந்திருக்கிறேன். கோழிக்கறித் துண்டைச் சமைத்து மேலே குழம்பு ஊற்றித் தரும் சிக்கன் சாப்தான் என் உதாரணம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "காப்பிக்கடை சிக்கன் சாப்பை லண்டனுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். ஐயா, அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். லண்டன்காரருக்கே தெரியாத பண்டத்தை அவரிடம் எப்படி ஐயா இரவல் வாங்க முடியும்? எங்கள் அணியின் சாட்சியை நீங்களே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள்!

சரி, இதைச் சமைத்தவர்கள் யார்? ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். ஹொக்கியன், தியோச்சூ பிரிவுச் சீனர்களுக்குப் பிந்தி வந்ததால் நல்ல வியாபாரமெல்லாம் ஏற்கெனவே கைமாறிப் போயிருந்தது. மிச்சம் கிடைத்தது அடுப்படி. வெள்ளைக்காரர் வீட்டில், கப்பலில், ஹோட்டலில், படைமுகாமில் சமைத்தார்கள், பரிமாறினார்கள். ராஃபிள்ஸ் ஹோட்டலில் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்ற மதுக்கலவையைக் கலந்து பேர் வாங்கிய ஙியாம் தோங் பூனும் ஹைனானியர்தான். பிரிட்டிஷாரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் அப்போது தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக வேலை பார்த்தார்கள் என்பதை இந்த அவையில் சிலர் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

1968இல் சிங்கப்பூரிலிருந்து படையைத் திரும்பப் பெறப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. 1971 அக்டோபரோடு பெரும்பாலும் காலி. துரை கப்பலேறிவிட்டார், சமையல்காரர் கரண்டியோடு இங்கேயே நின்றார். அவர் என்ன செய்வார்? கடை போட்டார். சிலர் அதற்கு முன்பே போட்டுவிட்டார்கள். இன்று பேரங்காடிகளில் பார்க்கிறோமே ஜாக்ஸ் பிளேஸ் உணவகம், அதன் வேரும் 1960களில் பிரிட்டிஷ் படைக்குச் சமைத்த ஒரு ஹைனானியரிடம்தான் இருக்கிறது.

அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று எதிரணி பார்க்கவே இல்லை. ஹைனானிய சாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சியைத் தட்டி மெலிதாக்கி, கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைப் பொடித்து மேலே அப்பிப் பொரிக்கிறார்கள். குழம்பில் தக்காளி சாஸ், சோயா சாஸ், வெங்காயம், பட்டாணி. சோயா சாஸ் எந்த ஆங்கிலேயர் வீட்டுக் குழம்பில் இருந்தது? பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு, கோல்ஸ்லா, ஒரு கரண்டி பேக்டு பீன்ஸ். எல்லாம் வைத்த பிறகு கடைக்காரர் கேட்கிறார், "சில்லி சாஸ் வேணுமா?" அந்தக் கேள்வியிலேயே தீர்ப்பு இருக்கிறது, நடுவர் அவர்களே.

"எண்ணெய் அதிகம், உடம்புக்கு ஆகாது" என்றார் இன்னொரு சகோதரி. ஆமாம், அதிகம்தான். பரோட்டா மட்டும் தண்ணீரிலா வேகிறது?

விலைக்கு வருவோம். கண்ணாடிக் கதவு போட்ட உணவகத்தில் 20 வெள்ளி பிளஸ் பிளஸ் என்று எழுதியிருப்பார்கள். சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதற்குமேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. பில் வரும்போது 23 வெள்ளி 98 காசு. மூன்று பிள்ளைகளோடு போகும் அப்பா மெனுவை வலமிருந்து இடமாகத்தான் படிப்பார். உணவங்காடி நிலையத்தில் பலகையில் என்ன விலையோ அதுதான். தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும், 2021இலிருந்து அது சட்டமும்கூட. வைத்துவிட்டுப் போவோமே! ஒரு காலத்தில் துரையின் மேசைக்கு மட்டும் போன சாப்பாட்டை, டிஷ்யூ பாக்கெட் போட்டு இடம் பிடித்து உட்கார்ந்து, செருப்புக் காலோடு நாம் வெட்டிச் சாப்பிடுகிறோம். பிள்ளைக்கு சிக்கன் சாப், பாட்டிக்குப் பக்கத்துக் கடைத் தோசை, ஒரே மேசையில். இந்த வசதியை எந்த ஐந்து நட்சத்திர ஹோட்டல் கொடுக்கும்?

கடைசியாக ஒன்று. எதிரணித் தலைவர் தன் உரையில் "நம் சாப்பாடு" என்று ஒரு பட்டியல் வாசித்தார். அதில் மீ கோரிங்கும், அதாவது வறுத்த நூடுல்ஸும், இருந்தது. நான் குறித்து வைத்திருக்கிறேன். அந்த மஞ்சள் மீ சீனருடையது. பேர் மலாய். தக்காளி சாஸ் பாட்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. அதைச் சிவக்கச் சிவக்கப் பிரட்டிக் கொடுத்தவர்கள் நம் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். காரைக்குடியிலோ கடையநல்லூரிலோ பரம்பரையாக யாரும் மீ கோரிங் சமைத்ததில்லை. அது எந்தக் கணக்கில் நம்முடையதானது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும். அப்புறம் சிக்கன் சாப்பை நாடு கடத்துவதைப் பற்றிப் பேசலாம்.