கையில் கொடுத்துப் பாருங்கள்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

சின்னப் பெண்பிள்ளைகளிடம் காணும் தாய்மைக் குணம் பிறப்பில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா என்பது இன்றைய வழக்கு. வளர்ப்பில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி தன் மூன்று வயது மகளைப் பற்றிச் சொன்னார். டிவி ரிமோட்டைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்ததாம் பிள்ளை, யாரும் சொல்லித்தரவில்லையாம். தம்பி, தோளில் போட்டுத் தட்டுவதை அது எங்கே பார்த்தது? உங்கள் வீட்டில்தானே! ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. மணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமியர், 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்று பையனிடம் கெஞ்சுவார்கள். கட்டுவது அவளுக்கு, உதைப்பது அவனுக்கு. இப்படிப் பங்கு பிரித்துப் பாடியவர்கள் பெரியவர்கள், பிள்ளைகள் அல்ல.

எனக்கும் பிரித்துத்தான் கொடுத்தார்கள். எட்டு வயதில் தம்பியை என் இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். கம்பத்துப் பிள்ளைகளெல்லாம், எங்கள் கிராமத்துப் பிள்ளைகளெல்லாம் ஓடியாட, நான் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தேன். அவன் அழுதால் எனக்குப் பாசம் பொங்கவில்லை, பயம்தான் வந்தது. தூக்கித் தூக்கித்தான் எது பசி அழுகை, எது தூக்க அழுகை என்று பிடிபட்டது. "பொம்பளப்பிள்ள, தானா வந்துடுச்சு" என்றார்கள். தானாகவா வந்தது? ஒரு சிறுமி பட்ட பாட்டை 'இயல்பு' என்ற ஒரே சொல்லில் கழித்துவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிலிப்பீன்சின் செபு நகரத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. தினமும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தகப்பன்களின் உடம்பில், பார்த்துக்கொள்ளாத தகப்பன்களைவிட டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவாக இருந்தது. பிள்ளையைத் தூக்கும் கைக்கு ஏற்ப ஆண் உடம்பும் மாறுகிறது. இங்கே சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தந்தையர் விடுப்பு 4 வாரம். அந்த 4 வாரமும் பிள்ளை அப்பா கையில் இருக்கட்டும்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கைக்குழந்தையைக் காலில் போட்டு நான் குளிப்பாட்டும்போது, ஏழு வயதுப் பேத்தியைக் கூப்பிட்டுச் செம்பைக் கொடுப்பேன். குளியலறை வாசலில் நிற்கும் பத்து வயதுப் பேரனை, "ஆம்பளப்பிள்ளைக்கு இங்க என்ன வேலை, போ" என்பேன். நான் செய்த தவறு அது. ஒருநாள் பேத்திக்குக் காய்ச்சல், எனக்கு மணிக்கட்டு வலி. வேறு வழியில்லாமல் அவனைக் கூப்பிட்டேன். நான் சொல்லும் முன்பே முழங்கையை வாளியில் வைத்துப் பார்த்தான். "சூடு கூட, அப்பாயி" என்று பச்சைத் தண்ணீர் கலந்தான். கண்ணில் இறங்காமல் பாப்பாவின் நெற்றியில் கையை அணை கட்டினாற்போல் வைத்துக்கொண்டு மெல்ல ஊற்றினான். விரட்ட விரட்ட நின்று அத்தனையும் கற்றிருக்கிறான்!

மறுநாள் பள்ளிவிட்டு வந்தவன் சீருடைகூட மாற்றாமல் கேட்டான்: "பாப்பாவக் குளிப்பாட்டியாச்சா, அப்பாயி?"

இல்லை, நடுவர் அவர்களே. அவன் வரட்டும் என்றுதான் தண்ணீரை விளாவி வைத்துக் காத்திருந்தேன்.

நன்றி, வணக்கம்.