பன்னிரண்டரையா, இருபதா? தேர்தலுக்குப் பிந்தைய ஒரு வரி விவாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

2024 ஜூன் 4-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. ஜூலை 23-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முழு பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். வீடு, மனை விற்றால் கட்ட வேண்டிய நீண்டகால மூலதன ஆதாய வரி 20 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறங்கியது. வரியைக் குறைத்தால் யாராவது கோபப்படுவார்களா? கோபப்பட்டார்கள். இரண்டு வாரம் ஓயாமல் சண்டை நடந்தது. கடைசியில் அரசே மசோதாவைத் திருத்தியது. வரி பற்றிய வாதங்களை எப்படிக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சமீபத்தில் கிடையாது. அதனால் இன்றைய உரையில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒரு சிறு கேள்வி. இப்படிப்பட்ட மாற்றங்கள் ஏன் தேர்தல் முடிந்த பிறகே வருகின்றன? தேர்தல் ஆண்டில் பிப்ரவரியில் வருவது இடைக்கால பட்ஜெட். போகிற அரசு, வருகிற அரசின் கையைக் கட்டக் கூடாது என்பதால் அதில் வரி விகிதங்களைத் தொடுவதில்லை. 2024 பிப்ரவரியில் இந்த மரபு காக்கப்பட்டது. இது மரபுதான், சட்டம் கிடையாது. 2019 இடைக்கால பட்ஜெட்டிலேயே 5 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லாதபடி தள்ளுபடியை உயர்த்திவிட்டார்கள். சலுகை தேர்தலுக்கு முன்பு வரும், கசப்பு பின்பு வரும் என்று ஜனங்கள் சொல்வதை வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது.

சரி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய முறையில் விகிதம் 20 சதவீதம். ஆனால் வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கு ஏற்ப ஏற்றிக்கொள்ளலாம். இதைத்தான் இன்டெக்ஸேஷன் என்கிறார்கள். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் அரசு ஒரு குறியீட்டெண் அறிவிக்கிறது. 2001-02 ஆண்டுக்கு 100 என்று வைத்துத் தொடங்கினார்கள். 2010-11-க்கு 167, 2024-25-க்கு 363. நகர்ப்புற விலைவாசி எவ்வளவு ஏறியதோ அதில் முக்கால் பங்குதான் இந்த எண்ணில் ஏறும். ஆகவே பழைய முறையும் பணவீக்கத்தை முழுசாக ஈடுகட்டியதில்லை.

2010-11-இல் 30 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2024-25-இல் 70 லட்சத்துக்கு விற்கிறார் ஒருவர். பழைய முறையில் 30 லட்சத்தை 363-ஆல் பெருக்கி 167-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 65 லட்சத்து 21 ஆயிரம் வரும். இதுதான் அவர் வாங்கிய விலையாகக் கருதப்படும். லாபம் 4 லட்சத்து 79 ஆயிரம், அதில் 20 சதவீதம் சுமார் 95,800 ரூபாய். புதிய முறையில் இன்டெக்ஸேஷன் கிடையாது, வாங்கிய விலை 30 லட்சம் அப்படியே நிற்கும். லாபம் 40 லட்சம், அதில் 12.5 சதவீதம் 5 லட்சம் ரூபாய். விகிதம் இறங்கியது, வரியோ ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது.

அதே வீடு ஒன்றரைக் கோடிக்குப் போயிருந்தால்? பழைய கணக்கில் சுமார் 16 லட்சத்து 96 ஆயிரம், புதிய கணக்கில் 15 லட்சம். இப்போது புதியதுதான் லாபம். இரண்டு தொகையும் சமமாகும் இடம் இந்த வீட்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம். அதற்குக் கீழே விற்றவருக்குப் பழைய முறை நல்லது, மேலே விற்றவருக்குப் புதியது.

இந்த எல்லையை யாரும் கணக்கிடலாம். விற்கும் ஆண்டின் குறியீட்டெண்ணை வாங்கிய ஆண்டின் எண்ணால் வகுங்கள். வந்த விடையை 0.20-ஆல் பெருக்கி, 0.125-ஐக் கழித்து, 0.075-ஆல் வகுங்கள். வாங்கிய விலையைப் போல எத்தனை மடங்குக்கு விற்றால் சமம் என்பது கிடைக்கும். 2010-11 வீட்டுக்கு 4.13 மடங்கு. 2019-20-இல் வாங்கியதென்றால் அந்த ஆண்டின் எண் 289, விடை 1.68 மடங்கு. ஆண்டு வளர்ச்சியாகப் பார்த்தால் இரண்டுமே 11 சதவீதத்தை ஒட்டி வருகின்றன.

அந்த 11 சதவீதத்தில்தான் மொத்தச் சண்டையும் இருந்தது. வீடு, மனை பொதுவாக ஆண்டுக்கு 12 முதல் 16 சதவீதம் ஏறுகிறது, ஆகவே பெரும்பாலானவர்களுக்கு லாபமே என்றது நிதி அமைச்சகம். எதிர்த்தவர்கள் மேலே சொன்ன 70 லட்சம் போன்ற உதாரணங்களைக் காட்டினார்கள். கணக்கில் இரண்டு தரப்பும் தப்புச் செய்யவில்லை, அவரவருக்குத் தோதான சொத்தை எடுத்துக்கொண்டார்கள். விரிவடைகிற ஊரின் ஓரத்தில் மனை வாங்கியவர் 11 சதவீதத்தை எளிதாகத் தாண்டுவார். பத்துப் பதினைந்து வருஷம் பழசான அடுக்குமாடி வீட்டில் கட்டடம் தேய்ந்துகொண்டே வரும், பங்கு மனை கொஞ்சம்தான், அங்கே தாண்டுவது கஷ்டம். நடுத்தரக் குடும்பத்தின் ஒரே சொத்து பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம் என்பதால் கோபம் அங்கிருந்து வந்தது. சராசரியைச் சொல்லி வாதாடுகிறவரிடம், எந்தச் சொத்தின் சராசரி என்று கேட்க வேண்டும். அன்றைய விவாதங்களில் அதை அதிகம் பேர் கேட்கவில்லை.

இன்னொரு சங்கடம், தேதி. மாற்றம் ஜூலை 23 முதலே நடைமுறை என்று மசோதா சொன்னது. முந்தைய நாள் விற்றவருக்கு ஒரு வரி, அன்றைக்கு விற்றவருக்கு வேறு வரி. இருபது வருஷம் முன்பு ஒரு விதியை நம்பி வாங்கியவருக்கு, விற்கும் நாளில் விதி மாறியிருந்தது. எதிர்ப்பில் மிக வலுவான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவை நிதி மசோதாவைத் திருத்தத்துடன் நிறைவேற்றியது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், கட்டடங்களுக்கு இரண்டு முறையிலும் கணக்கிட்டு எது குறைவோ அதைக் கட்டினால் போதும். தலைப்புச் செய்தி இத்தோடு நின்றுவிட்டது. விடுபட்டவை பல.

இந்தச் சலுகை இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படும் தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். கம்பெனி, பங்குதாரர் நிறுவனம் இவற்றுக்குக் கிடையாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தபடி ஊரில் உள்ள வீட்டை விற்கிறவர் வெளிநாடு வாழ் இந்தியர் கணக்கில் வந்தால் அவருக்கு 12.5 சதவீதம் மட்டுமே, ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. வசிப்பிட நிலை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படும். ஊர் திரும்பும் எண்ணத்தில் இருப்பவர்கள் எந்த ஆண்டில் விற்பது என்பதை ஆடிட்டரோடு பேசிவிட்டு முடிவு செய்யட்டும். தங்கத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. ஜூலை 23 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கிய வீட்டுக்கும் இல்லை.

நஷ்டத்திலும் ஒரு பொறி உண்டு. அதே 30 லட்சம் வீடு 60 லட்சத்துக்குத்தான் விற்றது என்றால், பழைய கணக்கில் 5 லட்சத்துச் சொச்சம் நஷ்டம் வரும். வரி இல்லை, நல்லது. ஆனால் அந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழித்துக்கொள்ளவோ அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவோ முடியாது. முன்பு முடிந்தது. பழைய முறை வரித்தொகையை ஒப்பிட மட்டுமே உயிரோடு இருக்கிறது.

நடைமுறையில் தவறுகள் வேறு இடத்தில் நடக்கின்றன. 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பு கிடைக்குமானால், அதற்கு மேல் போகக் கூடாது. மதிப்பீட்டாளர் தாராளமாக எழுதிக் கொடுத்தார் என்பது செல்லாது. விற்கும்போதும் அப்படியே. பத்திரத்தில் காட்டிய விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். மாடி கட்டியது போன்ற செலவைச் சேர்க்க வேண்டுமானால் பில்லும் வங்கி வழியாகப் பணம் கொடுத்த ஆதாரமும் வேண்டும். பழைய முறையில் அந்தச் செலவுக்கு, செலவு செய்த ஆண்டின் குறியீட்டெண்தான், வீடு வாங்கிய ஆண்டின் எண் கிடையாது. இந்த ஒரு இடத்தில் பலர் கணக்கைக் கோட்டை விடுகிறார்கள்.

இந்த ரகளையில், பட்டியலிட்ட பங்குகளின் நீண்டகால ஆதாய வரி 10-லிருந்து 12.5 சதவீதமாகவும், குறுகியகால வரி 15-லிருந்து 20 சதவீதமாகவும் ஏறியது பெரிய சத்தமில்லாமல் கடந்துபோனது.

அடுத்து, 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் வருமான வரிக்கு வந்த 12 லட்சம். டெல்லி சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருந்தது. 12 லட்சம் வரை வரி இல்லை என்ற செய்தியைக் கேட்டு, அதற்கு மேல் உள்ள தொகைக்குத்தான் வரி என்று நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்குத்தான் வரி இல்லை. பிறகு 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10 சதவீதம். 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி வரும், அதைத் தள்ளுபடி செய்கிறார்கள். வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி போய்விடும். 12 லட்சத்து 10 ஆயிரம் என்றால் வரி 61,500. அதிகமாகச் சம்பாதித்த 10,000-க்கு 61,500 கட்டுவது அபத்தம் என்பதால், விளிம்பு நிவாரணம் என்று ஒன்று வைத்து வரியை 10,000-ஆகக் குறைக்கிறார்கள். அதாவது கூடுதலாக வந்த பணம் அப்படியே வரிக்குப் போகிறது. சுமார் 12 லட்சத்து 70 ஆயிரத்து 600 வரை இந்த நிலைதான்.

ஏமாற்றம் தந்தது இன்னொன்று. சம்பளம் உள்ளிட்ட சாதாரண வருமானம் 10 லட்சம், பங்குகளில் குறுகியகால லாபம் 2 லட்சம், மொத்தம் சரியாக 12 லட்சம். வரி பூஜ்யம் என்று நினைக்கத் தோன்றும். 10 லட்சத்துக்கான வரி 40,000 தள்ளுபடியாகும். பங்கு லாபத்துக்கான 20 சதவீதம், அதுவும் 40,000, தள்ளுபடியாகாது. வரி மீது போடும் செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து 41,600 கட்ட வேண்டும்.

தலைப்புச் செய்தியைக் கணக்கோடு ஒப்பிடும் இந்தப் பரிசோதனை மறைமுக வரிக்கும் பொருந்தும். தேர்தலுக்குப் பிறகு 2024 ஜூலை இறுதியில், காப்பீட்டு பிரீமியம் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியை நீக்கச் சொல்லி அமைச்சர் நிதின் கட்கரியே நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எதிர்க்கட்சிகள் நாடாளுமன்ற வளாகத்தில் போராடின. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு வரி விலக்கு வந்தது. அலுவலகத்தில் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு இதில் சேராது.

விலக்கு என்பதும் பூஜ்ய வரி என்பதும் ஜிஎஸ்டியில் ஒன்றல்ல. 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு முன்பு 3,600 வரி வாங்கிய நிறுவனம், தான் முகவர் கமிஷனுக்கும் அலுவலக வாடகைக்கும் மென்பொருளுக்கும் கட்டிய ஜிஎஸ்டியை அந்த 3,600-இல் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அரசுக்குக் கொடுத்தது. விலக்கு வந்ததும் கழிக்க இடமில்லை. கட்டிய வரி நிறுவனத்தின் செலவாகிவிடும். அந்தச் செலவு பாலிசிக்கு 800 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அடிப்படை பிரீமியத்தை 20,800 ஆக்க நிறுவனத்துக்கு ஆசை வரும். புதுப்பிக்கும்போது வரிக்கு முந்தைய பிரீமியத்தைப் போன ஆண்டு ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயது வரம்பு மாறியதால் ஏறியதா, வேறு காரணமா என்று எழுதிக் கேட்கலாம்.

இந்த மாற்றத்துக்கு ஓராண்டுக்கு மேல் ஆனதற்கும் காரணம் உண்டு. வருமான வரியை மத்திய அரசு மக்களவையில் தன் பெரும்பான்மையைக் கொண்டு மாற்றிவிடலாம். நிதி மசோதாவுக்கு மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரை மட்டும் சொல்லலாம், தடுக்க முடியாது. ஜிஎஸ்டி அப்படி இல்லை. மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, 31 மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று வேண்டும். எல்லாரும் வாக்களித்தால், மத்திய அரசு சம்மதிக்காமல் எதுவும் நிறைவேறாது. மத்திய அரசோடு 20 மாநிலங்கள் சேராவிட்டாலும் நிறைவேறாது. ஜிஎஸ்டியைக் குறைக்காததற்கு டெல்லிதான் காரணம் என்று மாநில அமைச்சரும், மாநிலங்கள்தான் காரணம் என்று மத்திய அமைச்சரும் சொன்னால், கவுன்சிலில் யார் என்ன நிலை எடுத்தார்கள் என்று இருவரையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஓட்டெடுப்பே நடப்பதில்லை என்பதால் பதில் சுலபத்தில் கிடைக்காது.

அடுத்த பட்ஜெட் நாளில் நிதியமைச்சரின் உரையை மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். அதனுடன் நிதி மசோதாவும், மசோதாவின் விளக்கக் குறிப்பும் அரசின் பட்ஜெட் இணையதளத்தில் அன்றே வந்துவிடும். இப்போதைய விதி என்ன, முன்மொழியும் விதி என்ன, எந்தத் தேதியிலிருந்து என்பது குறிப்பில் பத்திவாரியாக இருக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பழைய பிரிவு எண்கள் மாறிவிட்டன. எண்ணைக் கொண்டு தேடாமல் விஷயத்தைக் கொண்டு தேடுங்கள். 2024-இல் இன்டெக்ஸேஷன் நீக்கமும் அந்தக் குறிப்பில் ஜூலை 23 அன்றே இருந்தது.

நன்றி, வணக்கம்.