பனிக்கரடிக் குட்டி: அம்மாவின் கொழுப்பில் வளரும் பிள்ளை

வணக்கம் நண்பர்களே. ஒரு பனிக்கரடி அம்மா முன்னால் போகும். பின்னால் இரண்டு குட்டிகள். ஒன்று சரிவில் உருண்டு விழும், இன்னொன்று அதன் மேலேயே போய் விழும். இந்த மாதிரி வீடியோ உங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு தடவையாவது வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு நம் சேனலில் ஒருவர் கேட்டிருந்தார்: "இந்தக் குட்டி பிறந்து எத்தனை நாள் இருக்கும், ஒரு வாரமா?" இன்றைய வீடியோ முழுக்க அதற்கான பதில்தான்.

ஒரு வாரம் இல்லை, குறைந்தது மூன்று மாதம். கேமராவில் தெரிகிற அந்த நேரத்துக்குள் குட்டியின் வாழ்க்கையில் மிக ஆபத்தான ஒரு கட்டம் முடிந்தே போயிருக்கும். இன்னும் சொல்லப்போனால், அது பிழைக்குமா பிழைக்காதா என்பதில் பெரும்பங்கு அது பிறப்பதற்கு முந்தைய வசந்த காலத்திலேயே முடிவாகிவிடுகிறது. அம்மா அப்போது எவ்வளவு சீல் (கடல்நாய்) பிடித்தாள், எவ்வளவு கொழுப்பு சேர்த்தாள் என்பதுதான் கணக்கு. அதனால் நாமும் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

பனிக்கரடிகள் இணைவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், உறைந்த கடலின் மேல். கரு உருவாகிறது. ஆனால் வளராது. கொஞ்சம் செல்களாக இருக்கும்போதே அப்படியே நின்றுவிடும், கருப்பையில் ஒட்டாது. மாதக் கணக்கில் சும்மா காத்திருக்கும். அந்த இடைவெளியில் அம்மா சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள். சாதாரணமாக ஏறத்தாழ இருநூறு கிலோ இருக்கும் பெண் கரடி, அதே அளவு எடையை மேலே ஏற்றிக்கொள்ளும். இலையுதிர் காலம் வந்ததும் உடம்பு ஒரு முடிவு எடுக்கும். கொழுப்பு போதும் என்றால் கரு ஒட்டி வளரும், போதாது என்றால் அந்த வருடம் குட்டி கிடையாது. கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் மேற்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் எடை பார்த்த ஆய்வாளர்கள், குட்டி போட்ட தாய்களில் மிக மெலிந்தது 189 கிலோ என்று 1990களில் பதிவு செய்தார்கள். அதற்குக் கீழே இருந்தவை குட்டியோடு வெளியே வரவே இல்லை.

இந்த ஹட்சன் விரிகுடா கதை எனக்குத் தனியாகப் பிடிக்கும். வரைபடத்தில் பாருங்கள், கனடாவின் நடுவில் ஒரு பெரிய பள்ளம் மாதிரி தெரிகிறதே, அதுதான். துருவக் கடலோடு ஒப்பிட்டால் ரொம்பத் தெற்கே இருக்கிறது. ஜூலை வாக்கில் அங்கே கடல்பனி முழுக்க உருகிவிடும், கரடிகள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். மற்றவை நவம்பர் கடைசியில் கடல் உறைந்ததும் மறுபடி வேட்டைக்குப் போய்விடும். கர்ப்பிணி போக மாட்டாள். அவள் கரையிலிருந்து பல பத்து கிலோமீட்டர் உள்ளே நடந்து, ஏரிக்கரை மேட்டில் கரிமண்ணைத் தோண்டி வளை அமைத்துப் படுத்துவிடுவாள். கூரை இடிந்து விழாமல் ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர்கள் பிடித்துக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாகக் கரடிகள் பயன்படுத்தும் வளைகள் அங்கே உண்டு. அந்த இடத்தைத்தான் 1996இல் கனடா அரசு வபுஸ்க் தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஜூலையில் கடைசியாகச் சாப்பிட்டவள் மறுபடி வாயைத் திறப்பது மார்ச்சில். எட்டு மாதம். அந்தப் பட்டினிக்கு நடுவில்தான் பிரசவம், பால் கொடுப்பது எல்லாம்.

மற்ற இடங்களில் நிலத்தின் மேல் காற்று குவித்து வைத்த பனிமேட்டைக் குடைந்து வளை அமைப்பார்கள். ரஷ்யாவின் ராங்கல் தீவு, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் இதற்கெல்லாம் பேர்போனவை. அலாஸ்காவுக்கு வடக்கே சில கரடிகள் மிதக்கும் கடல்பனியிலேயே வளை போடுவதும் உண்டு. அதாவது, குட்டி பிறந்த இடமே நகர்ந்துகொண்டிருக்கும்.

நவம்பர், டிசம்பரில் பிரசவம். தூர வடக்கில் அப்போது வெளியே சூரியனே கிடையாது. பொதுவாக இரட்டைக் குட்டிகள். ஒவ்வொன்றும் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, நீளம் ஓர் அடி. கண் மூடியிருக்கும், பல் கிடையாது, உடம்பில் மெல்லிசாக முடி. அம்மா அதைவிட நானூறு ஐந்நூறு மடங்கு கனம். அவள் தெரியாமல் புரண்டு படுத்தாலே முடிந்தது கதை. அதனால் குட்டிகளை நெஞ்சுக்கும் முன்னங்கால்களுக்கும் இடையில் அணைத்துக்கொண்டு சுருண்டு படுத்திருப்பாள். அவள் மூச்சின் சூடுதான் குட்டிக்கு ஹீட்டர்.

பால்தான் இங்கே அதிசயம். நம் எருமைப்பாலில் கொழுப்பு ஏழு சதவீதம் இருந்தாலே ஆடை கட்டியாக நிற்கும். பனிக்கரடிப் பாலில் முப்பது சதவீதத்துக்கு மேல். நான்கு மாதத்தில் அரை கிலோவைப் பத்து, பன்னிரண்டு கிலோவாக்குவது அந்தப் பால். பால் குடிக்கும்போது குட்டிகள் தொண்டைக்குள் "ம்ம்ம்" என்று விடாமல் ரீங்காரமிடும். காட்டிலும் சரி, மிருகக்காட்சி சாலையிலும் சரி, இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். யூடியூபில் தேடிக் கேட்டுப் பாருங்கள், மோட்டார் ஓடுகிற மாதிரி இருக்கும்.

அந்த அம்மா இல்லாவிட்டால் என்ன பாடுபட வேண்டும் என்பதற்கு க்னூட் நல்ல உதாரணம். பெர்லின் மிருகக்காட்சி சாலையில் 2006 டிசம்பர் 5 அன்று பிறந்த குட்டி. தாய் ஏற்றுக்கொள்ளவில்லை, கூடப் பிறந்தது நான்கு நாளில் இறந்துவிட்டது. க்னூட்டின் எடை 810 கிராம். 44 நாள் இன்குபேட்டரில் வைத்தார்கள். தாமஸ் டோர்ஃப்லைன் என்ற பராமரிப்பாளர் அங்கேயே படுத்து எழுந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டிலில் பால் கொடுத்தார். குழந்தைகளுக்கான பால்மாவில் மீன் எண்ணெய் கலந்து. இத்தனையும் ஒரே ஒரு குட்டிக்கு. வளைக்குள் இருக்கும் அம்மா இதை இரண்டு குட்டிகளுக்கு, தான் ஒரு வாய் சாப்பிடாமல் செய்கிறாள்.

சரி, வெளியே வருவோம். ஸ்வால்பார்டில் வளைகளுக்கு எதிரே தானியங்கி கேமரா வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள், முடிவு 2025இல் வெளியானது. 13 வளைகள். சராசரியாக மார்ச் 9 வாக்கில் தாய் பனியை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். முதலில் மூக்கு மட்டும் தெரியும். அப்புறம் தலை. மோப்பம் பிடிப்பாள், உள்ளே போய்விடுவாள், மறுபடி வருவாள். பனியில் முதுகைத் தேய்த்துப் புரளுவாள். குட்டிகள் வெளியே வந்தாலும் அவள் பக்கத்தில்தான். அம்மா இல்லாமல் குட்டி மட்டும் வெளியே இருந்த நேரம் வெறும் ஐந்து சதவீதம். இப்படிச் சராசரியாகப் பன்னிரண்டு நாள் வளைக்குப் பக்கத்திலேயே கழியும். இரண்டே நாளில் கிளம்பியதும் உண்டு, ஒரு மாதம் இழுத்ததும் உண்டு. நீங்கள் வாட்ஸ்அப்பில் பார்க்கிற உருளும் விளையாட்டு இந்த நாட்களில்தான். கால் வலுப்பட வேண்டும், குளிர் பழக வேண்டும். அம்மாவுக்கோ வயிறு காய்கிறது. ஒவ்வொரு நாளும் அவள் கொழுப்பு கரைகிறது, அதனால் குட்டி தயாராகும் வரைக்கும்தான் பொறுக்க முடியும், அதற்கு மேல் முடியாது. அந்த நேரத்தில் பக்கத்தில் பனி வண்டியோ எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களோ வந்து தொந்தரவு செய்து, தாய் சீக்கிரமே கிளம்பிவிட்டால் குட்டிகள் தாங்காது. என்னைக் கேட்டால், வளைப் பகுதிகளில் மார்ச் மாதம் யாரும் போகக் கூடாது, படம் எடுக்கக்கூட.

கடல்பனிக்கு வந்ததும் சரியாக சீல்கள் குட்டி போடும் காலம். உடம்பில் வளையம் வளையமாகப் புள்ளி கொண்ட சிறிய சீல், பனிக்கு அடியில் சின்ன அறை மாதிரி குடைந்து குட்டியை அதற்குள் வைத்திருக்கும். தாய்க்கரடி மூக்காலேயே அதைக் கண்டுபிடித்துவிடும். மெதுவாகப் போய், முன்னங்கால் இரண்டையும் தூக்கி, முழு எடையோடு கூரையில் ஓங்கி ஒரே குத்து. பல தடவை உள்ளே ஒன்றும் இருக்காது. கிடைத்தால் தோலும் கொழுப்பும் முதலில். கரடிகளுக்கு இறைச்சி இரண்டாம்பட்சம்தான்.

வேட்டையில் இன்னொரு வழி, சீல் மூச்சு விட மேலே வரும் பனித் துளைக்குப் பக்கத்தில் காத்திருப்பது. கனடாவின் டெவன் தீவில், ராட்ஸ்டாக் குடாவுக்கு மேலே ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது. இயன் ஸ்டர்லிங் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் 1970களில் அந்த உச்சியில் குடிசை போட்டுக்கொண்டு, இரவே இல்லாத கோடையில் டெலஸ்கோப் வழியாகக் கரடிகளை முறை வைத்துப் பார்த்தார்கள். தாய் துளைக்குப் பக்கத்தில் வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்திருப்பாள். காது கூட அசையாது. சீலுக்குப் பனியின் மேல் கேட்கும் ஒரு காலடி ஓசை போதும், அது வேறு துளைக்குப் போய்விடும். எனவே குட்டிகளும் பின்னால் அசையாமல் இருக்க வேண்டும். முதல் வருடக் குட்டி வேட்டையாடுவதே இல்லை, இருந்து பார்ப்பதோடு சரி. ஒரு வயது தாண்டியது எப்போதாவது தானாகப் போய்ப் படுத்துப் பார்க்கும். இரண்டு வயதுக் குட்டி உண்மையிலேயே முயற்சி செய்யும், ஆனால் பெரியவர்கள் அளவுக்குப் பொறுமை கிடையாது, சீக்கிரமே எழுந்துவிடும். பனிக்கரடிக் குட்டி கற்க வேண்டியதில் மிகக் கடினமானது இந்தச் சும்மா இருத்தல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆபத்துகளைச் சொல்லாமல் போக முடியாது. பல பகுதிகளில் பிறந்த குட்டிகளில் பாதி அளவு முதல் பிறந்த நாளைத் தாண்டுவதில்லை. பெரும்பாலும் பசி. சில நேரம் ஆண் கரடி, சொந்த இனத்துக் குட்டியையே கொன்று தின்றுவிடும். அதனால்தான் குட்டியோடு இருக்கும் தாய், ஆண்கள் திரியும் நல்ல வேட்டை இடங்களைக்கூட ஒதுக்கிவிட்டுப் போகிறாள்.

அப்புறம் நீச்சல். குட்டிக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, குளிர்நீரில் அதிக நேரம் தாங்காது. 2008இல் அலாஸ்காவுக்கு வடக்கே போஃபர்ட் கடலில் அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் ஒரு பெண் கரடிக்கு சாட்டிலைட் காலர் மாட்டியிருந்தார்கள். கூட ஒரு வயதுக் குட்டி. கடல்பனி வெகுதூரம் விலகிப் போயிருந்தது. அவள் அதைத் தேடி 687 கிலோமீட்டர் நிற்காமல் நீந்தினாள், ஒன்பது நாளுக்கு மேல். இரண்டு மாதம் கழித்து மறுபடி பிடித்துப் பார்த்தபோது உடல் எடையில் 22 சதவீதம் போயிருந்தது. குட்டி அவளோடு இல்லை.

பனி உருகுவது குட்டிகளை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டால், எல்லாம் அந்தக் கொழுப்புக் கணக்கு வழியாகத்தான். ஹட்சன் விரிகுடாவில் பனி இப்போது 1980களைவிட மூன்று வாரம் முன்னதாகவே உடைகிறது. அந்த மூன்று வாரம் சீல் குட்டிகள் கொழுத்துக் கிடக்கிற, வேட்டையின் உச்சக் காலம். கரையில் பட்டினி நாட்கள் கூடக் கூட தாயின் பாலில் சத்து குறைகிறது, சிலருக்குப் பாலே நின்றுவிடுகிறது. 2025 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு, 37 ஆண்டு இடைவெளியில் அங்கே பெண் கரடிகளின் சராசரி எடை 39 கிலோவும், ஒரு வயதுக் குட்டிகளின் எடை 26 கிலோவும் குறைந்திருப்பதாகச் சொல்கிறது. அந்தப் பகுதியின் மொத்தக் கரடிகள் 1987இல் சுமார் 1,200, 2016இல் 842, 2021இல் 618. பெரிய கரடிகள் திடீரெனச் செத்து விழுவதால் வந்த சரிவு என்று நினைக்காதீர்கள். வளரவேண்டிய குட்டிகள் வளராமல் போவதுதான் இதில் பெரிய காரணம்.

மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலான ஒன்றும் அங்கேயே நடந்தது. ஆய்வாளர்கள் 2025 வசந்தத்தில் ஒரு தாயைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு குட்டி, காதில் அடையாள வில்லையும் மாட்டினார்கள். நவம்பரில் சர்ச்சில் ஊருக்குப் பக்கத்தில் அதே தாய் இரண்டு குட்டிகளோடு வந்தாள். இரண்டாவதன் காதில் வில்லை இல்லை. யாரோ பெற்ற பிள்ளை. ஐந்து வயதே ஆன தாய், தத்து எடுத்திருக்கிறாள். நாற்பத்தைந்து ஆண்டு கண்காணிப்பில் அங்கே இது 13வது முறைதான்.

குட்டிகள் தாயோடு இருப்பது இரண்டரை வருடம். மூன்றாவது வசந்தத்தில் அவள் மறுபடி இணையத் தயாராகும்போது ஆண் கரடிகள் பின்தொடர ஆரம்பிக்கும், குடும்பம் உடையும். சகோதரர்கள் கொஞ்ச நாள் சேர்ந்து திரிவதுண்டு. பிடித்த சீலைப் பெரிய கரடி பறித்துக்கொள்ளும் வயசு இது. அதனால்தான் குப்பையைத் தேடி ஊருக்குள் வருவதில் இந்த இளவட்டங்கள் அதிகம். சர்ச்சிலில் இவற்றைப் பிடித்து வைக்க 28 அறைகள் கொண்ட ஒரு கட்டடமே இருக்கிறது, ஊரில் அதைக் கரடி ஜெயில் என்பார்கள். உள்ளே தண்ணீர் மட்டும்தான், சாப்பாடு கிடையாது. ஊர்ப்பக்கம் வந்தால் சோறு கிடைக்கும் என்று பழகிவிடக் கூடாதல்லவா.

நேரில் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் கரடிகள் கடல் உறையக் காத்து சர்ச்சில் பக்கம் கூடும், அங்கிருந்து நேரலை கேமரா இலவசமாக ஓடும். நவம்பரில் அங்கே மதியம் பன்னிரண்டு என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு பதினொன்றரை. தாய் நிற்கும்போது குட்டியின் முதுகு அவள் வயிற்று உயரத்துக்குத்தான் வருகிறதென்றால் அது அந்த வருடக் குட்டி. உயரத்தில் அம்மாவை நெருங்கிவிட்டு உடம்பு மட்டும் ஒல்லியாக இருந்தால் முந்தைய வருடத்துக் குட்டி, அடுத்த வசந்தத்தில் தனியாகப் போகிறது. தாயின் பின்பக்கத்தையும் பாருங்கள். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரியாமல் உருண்டையாக இருந்தால் குட்டிக்கு இன்னும் பால் இருக்க வாய்ப்பு அதிகம். யாராவது பார்த்தால் கீழே எழுதுங்கள், எத்தனை குட்டி என்பதையும் சேர்த்து.