தூக்கமில்லாத தெரு

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம்ம வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. சாமியில்லாத கோயில், ராசா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை. முதல் குறை 1981இல் தீர்ந்தது. சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேசுவரர் கோட்டைக்குள் திரும்பி வந்தார். பாலாற்றைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வேண்டும். அந்தச் சொலவடையில் விட்டுப்போன ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன்: தூக்கமில்லாத தெரு.

வெளியூர் விருந்தாளி வந்தால் கோட்டையைக் காட்டுகிறோம். மக்கான் சந்திப்பில் 1806 புரட்சியின் நினைவுத்தூண், அப்புறம் ஸ்ரீபுரம் பொற்கோயில். ஒரு பொட்டலம் பிரியாணி கையில் கொடுத்து காட்பாடியில் ரயிலேற்றி விடுகிறோம். இரவு பத்து மணிக்கு மேல் பாபுராவ் தெருவுக்கு யாரும் அவரைக் கூட்டிப் போவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே பாபுராவ் தெரு, கே.வி.எஸ். செட்டித் தெரு, பேரி பக்காளித் தெரு. ஹவுராவிலிருந்தும் குவஹாத்தியிலிருந்தும் வருகிற ரயில்கள் காட்பாடியில் இறக்கிவிடும், வைத்தியத்துக்கு வந்த குடும்பங்கள் இந்தச் சந்துகளில்தான் தங்குகின்றன. தமிழும் வங்காளமும் எழுதிய பலகைகள். லாட்ஜ் அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு. கடுகெண்ணெய் காயும் வாசம்.

இந்தத் தெருவின் விழிப்பு ஓர் இரவில் தொடங்கியது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைப் பார்க்க வரும்படி இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். டாக்டர் என் அப்பாதான், நான் இல்லை என்றார் அவர். ஆண் தொட்டுப் பார்ப்பதற்கு ஒத்துக்கொள்ளாமல் மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து வந்து, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். இரண்டே வருடத்தில் 40 படுக்கை மருத்துவமனை எழுந்தது. அதுதான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி. ஆனது. அந்தத் திண்டிவனத்து இரவை மறந்துவிட்டு நம்ம ஊர்ச் சரித்திரத்தை எழுத முடியாது என்பது என் கட்சி.

என் அப்பா பாபுராவ் தெருப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். ஒரு ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிய நேரம், வங்காளத்துக்காரர் ஒருவர் வந்தார். மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், சோறு இறங்கவில்லை. தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. உள்ளங்கையைக் குவித்து ஐந்து விரல் காட்டினார். அப்பா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து நீட்டினார். வெந்தயம், கடுகு, சீரகம், சோம்பு வரைக்கும் தலையாட்டினார். ஐந்தாவது கிடைக்கக் கால் மணி நேரம் ஆனது: கருஞ்சீரகம். இந்த ஐந்தையும் அரைக்காமல் முழுசாகக் கலந்தால் அதுதான் பாஞ்ச்போரன், வங்காளத்துத் தாளிப்புக் கலவை. அடுத்த வாரமே கடையில் கலந்த பொட்டலம் தொங்கியது. அதன் மேல் பெயரை வங்காள எழுத்தில் எழுதித் தந்தவர் அவரேதான். அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வங்காளம் படிக்கப் பழகினேன்.

இன்றைக்கும் அங்கே டீக்கடைக்காரர் வங்காளத்துக்காரர்களை "தாதா", அதாவது அவர்கள் மொழியில் அண்ணா, என்றுதான் கூப்பிடுகிறார். கூட வந்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிறார்கள். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தவர் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து டீ சொல்கிறார்.

வரும் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு நான் அங்கே நடக்கப் போகிறேன். உங்களில் பத்துப் பேர் வந்தால் போதும். கேமரா வேண்டாம், கவலையோடு உட்கார்ந்திருப்பவர்கள் முகத்துக்கு நேரே அதை நீட்டக்கூடாது. பசியோடு வாருங்கள். மருத்துவமனை வாசலுக்கு எதிரே நிற்பேன்.