சூடானால் நின்றுவிடும் அம்பாசடர்: சேலத்து நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இன்றைக்கு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சேலத்திலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "சார், என்னுடையது 1986 மாடல் அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. ஊருக்குள் எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றும் செய்வதில்லை. ஏற்காடு ஏறும்போது பாதி வளைவு தாண்டியதும் திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் பானட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகி மேலே போய்விடுகிறது. காயில், பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் மாற்றியாயிற்று. அடுத்து எதை மாற்றுவது?"

அவர் மாற்றியதெல்லாம் இக்னிஷன் சாமான்கள், அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறியைத் தருகிறவை. காயில் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கும், பாயிண்ட் காயிலின் கரண்டைத் திறந்து மூடுகிற குட்டி சுவிட்ச், கண்டென்சரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வரிதான் என்னைக் குடைந்தது. அடுத்து எதை மாற்றுவது! நம் பேச்சுகளை வழக்கமாகக் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். தெரிந்தாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன். வண்டி செத்துக் கிடக்கும்போதே சோதித்துப் பாருங்கள். ஆறிய வண்டியில் எல்லா பார்ட்டும் நல்ல பார்ட்தான். ராத்திரியில் மட்டும் வருகிற காய்ச்சலுக்குக் காலையில் போய் டாக்டரிடம் கையை நீட்டினால் அவர் என்ன சொல்வார்? நீங்கள் வண்டியை ஏற்காட்டிலிருந்து இறக்கி, மறுநாள் ஷெட்டில் கொண்டுபோய் விட்டிருப்பீர்கள். மெக்கானிக் காயிலிலிருந்து ஸ்பார்க் எடுத்துப் பார்த்திருப்பார், நன்றாக வந்திருக்கும். அப்புறம் அவரும் என்னதான் செய்வார், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறார்.

சரி, ஏன் மலையில் மட்டும் நிற்கிறது? சேலத்திலிருந்து போகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். செகண்ட் கியரில் மிதித்துக்கொண்டே ஏறுகிறீர்கள், எஞ்சின் கொதிக்கிறது, வண்டி வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்கு முகத்தில் அடிக்கிற காற்றும் இல்லை. இந்தச் சூட்டில் இரண்டு விதமான கோளாறு வரலாம். ஒன்று, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இதைத்தான் வேப்பர் லாக் என்கிறோம். இன்னொன்று, இக்னிஷனில் ஏதோ ஒன்று சூட்டில் கைவிடுகிறது. இரண்டுமே ஆறினால் சரியாகிவிடும். அதனால் "அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது" என்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

எப்படி நின்றது என்று கவனித்தால் ஒரு துப்பு கிடைக்கும். பெட்ரோல் போய் நிற்கிற வண்டி முக்கி, முனகி, இரண்டு மூன்று உதறு உதறிவிட்டு நிற்கும். கரண்ட் போய் நிற்கிற வண்டி சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி ஒரே நொடியில் அடங்கும். நீங்கள் "திடீரென்று" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் சந்தேகம் இக்னிஷன் பக்கம்தான். ஆனால் சந்தேகம் வேறு, சோதனை வேறு.

அடுத்த முறை நின்றதும் என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். முதல் வேலையாகச் சாவியை ஆஃப் செய்யுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், சாவி ஆனில் இருக்கிறவரை காயில் வழியாக 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு வோல்ட்டில் அது ஏறக்குறைய 50 வாட். ஏற்கெனவே சூடான காயிலை உட்காரவைத்து இன்னும் வறுக்கிறீர்கள்.

அப்புறம் ஸ்பார்க் சோதனை. காயிலிலிருந்து வந்து, கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில், அதாவது கேப்பில், நடுவில் செருகியிருக்கிற தடித்த ஒயரைப் பிடுங்குங்கள். ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடித்து, எஞ்சின் பிளாக்கிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். கூட வந்தவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, தடியாக, "டப் டப்" என்று சத்தத்தோடு பாய்ந்தால் காயில், கண்டென்சர், பாயிண்ட் மூன்றும் அந்த நிமிஷத்தில் வேலை செய்கின்றன. மஞ்சளாக நூல் மாதிரி வந்தால் சரியில்லை. வெறும் கையில் பிடிக்காதீர்கள். அதேபோல, பெட்ரோல் வருகிறதா என்று குழாயைக் கழற்றிப் பார்க்கிற வேலையையும் இதையும் ஒரே நேரத்தில் செய்யவே கூடாது. ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, இது பாயிண்ட் வண்டிக்கான சோதனை. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட வண்டியில் ஒயரை இப்படித் தொங்கவிட்டால் மாட்யூல் போய்விடும்.

ஸ்பார்க் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது வேண்டியது 12 வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு துண்டு ஒயர். இந்த டெஸ்ட் லேம்பைப் பற்றி நான் எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. ஒரு முனையை பாடியில் கடிக்கவிட்டு, இன்னொரு முனையை, சாவி ஆனில் இருக்கும்போது, காயிலில் சாவியிலிருந்து வருகிற ஒயர் சேரும் திருகில் வையுங்கள். எரியவில்லையா? காயில்வரை கரண்டே வரவில்லை. சாவி சுவிட்ச், ஃபியூஸ், ஒயர் முனை, இவற்றில் ஒன்று. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரைக் காயிலுக்குக் கொடுத்துப் பாருங்கள், வண்டி ஓடினால் விஷயம் முடிந்தது.

அங்கே எரிகிறது என்றால், காயிலின் இன்னொரு திருகுக்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற பக்கத்துக்கு மாற்றுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பல்பு விட்டு விட்டுச் சிமிட்ட வேண்டும். பாயிண்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும். சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற ஒயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது எரிந்தால் காயில் பிழைத்தது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஏதோ எர்த் ஆகிறது, அதாவது வண்டியின் உலோக உடம்பைத் தொட்டுக் கரண்ட் போய்விடுகிறது. அப்போதும் எரியவில்லை என்றால் காயிலுக்குள்ளேயே சுற்று அறுந்திருக்கிறது. ஒரு பல்பு இவ்வளவு சொல்கிறது. ஆனால் வண்டி செத்துக் கிடக்கும்போது கேட்டால்தான் சொல்லும்.

இப்போது சேலத்து நேயரின் வண்டியில் எனக்கு இருக்கிற குறிப்பான சந்தேகத்துக்கு வருகிறேன். அவர் மாற்றிய பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் அதற்குள் சுற்றுகிற ரோட்டரையும் எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். பக்கவாட்டு முனையிலிருந்து பாயிண்ட்டுக்கு விரல் நீளத்துக்கு ஒரு சின்ன ஒயர் போகும். அதற்கு ஏன் அவ்வளவு மெல்லிய இழைகள் என்றால், பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டு அசைகிற தட்டு. ஆக்ஸிலேட்டரை லேசாக வைத்து ஓட்டும்போது எஞ்சின் உறிஞ்சுகிற வேக்குவம் அந்தத் தட்டை ஒரு பக்கம் இழுக்கும். மேட்டில் அழுத்தி மிதித்தால் வேக்குவம் விழுந்து தட்டு பழைய இடத்துக்குத் திரும்பும். வருஷக்கணக்கில் இப்படி ஆடி ஆடி, உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். மேல்தோல் மட்டும் முழுசாக இருக்கும். கண்ணால் பார்த்தால் புது ஒயர் போலவே தெரியும். இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். தோல் ரப்பர் போல நீண்டால் உள்ளே ஒன்றும் இல்லை. ஊருக்குள் ஓடும், மேட்டில் மிதித்தால் நிற்கும் என்பதற்கு இது நன்றாகப் பொருந்துகிறது. தட்டை எர்த் செய்கிற இன்னொரு குட்டி ஒயரும் அங்கேயே இருக்கும், அதையும் இழுத்துப் பாருங்கள்.

அடுத்த சந்தேகம் கண்டென்சர். "அதுதான் புதிதாகப் போட்டாயிற்றே" என்பீர்கள். புதிது என்பதால்தான் சந்தேகப்படுகிறேன். பழைய வண்டிக்கு இன்று கடையில் கிடைக்கிற கண்டென்சரில் நல்லது எது, சொத்தை எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சூடானதும் உள்ளே இணைப்பு விட்டுப்போகிறவை நிறைய வருகின்றன. இதற்கு மலையிலேயே செய்யக்கூடிய சோதனை இருக்கிறது. நல்லது என்று தெரிந்த ஒரு கண்டென்சரை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். பல்பு ஒழுங்காகச் சிமிட்டுகிறது, ஆனால் ஸ்பார்க் இல்லை அல்லது நூல் மாதிரி இருக்கிறது என்றால், கேப்பைத் திறக்கவே வேண்டாம். அந்தக் கண்டென்சரின் ஒயரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத் திருகில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சினோடு அழுத்திப் பிடித்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். வண்டி பிடித்துக்கொண்டால் திருடன் அகப்பட்டான்.

கண்டென்சர் பாயிண்ட் கருகாமல் இருக்கத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பாயிண்ட் திறக்கிற கணத்தில் காயிலில் ஓடுகிற கரண்ட் நிற்க மறுத்து, இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாயப் பார்க்கும். கண்டென்சர் அந்தக் கணத்துக்கு அதை வாங்கிக்கொள்கிறது. அதனால் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. சட்டென்று சரிந்தால்தான் 12 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாகும். கண்டென்சர் இல்லையென்றால் கரண்ட் மெதுவாக இறங்கும், பிளக்கில் ஒன்றும் வராது. எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது இது நொடிக்கு 100 தடவை நடக்கிறது. நான்கு சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை, கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910 கேடிலாக் காருக்காகச் செய்த ஏற்பாடு இது. அவ்வளவு பழைய யோசனைதான் 1986 அம்பாசடரிலும் ஓடுகிறது. நம் ஊரில் இந்தச் சாமான்களைச் செய்வதற்கென்றே 1961-இல் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கினார்கள். சென்னை பாடி பக்கம் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். பழைய ஷெட்களில் இன்னும் அந்தக் காலத்துக் காயில் ஒன்றிரண்டு கிடக்கும். கண்டால் விடாதீர்கள்.

இன்னொரு சங்கதி ஞாபகம் வருகிறது, மலைக்குச் சம்பந்தமில்லை. நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பழைய பியட்டில் போனோம். திண்டிவனம் தாண்டி நல்ல மழை, வண்டி நின்றுவிட்டது. காயிலிலிருந்து ஸ்பார்க் கொழுகொழுவென்று வருகிறது, பிளக்குக்கு வரவில்லை. கேப்பைக் கழற்றித் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு பித்தளை முனைகளுக்கு நடுவில் பென்சிலில் கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கரண்ட் அந்தக் கோட்டிலேயே ஓடிப் போய்விடுகிறது. பேனாக்கத்தியால் கோட்டைச் சுரண்டி எடுத்தோம். பின்சீட்டில் இருந்த அத்தையின் நெயில் பாலிஷை அதன் மேல் பூசிக் காயவிட்டோம். சிவப்பு நெயில் பாலிஷோடு முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கேப்பை மட்டும் அப்புறம் மாற்றிவிட வேண்டும், அது நிரந்தர வைத்தியம் இல்லை. ரோட்டரும் இதேபோல ஓட்டை விழுந்து உள்ளே இருக்கிற தண்டுக்குக் கரண்டைக் கசியவிடும். காயில் ஒயரை ரோட்டரின் உலோகத்துக்கு மேல் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், அதன் மேல் பொறி பாயக்கூடாது. பாய்ந்தால் ரோட்டர் போய்விட்டது.

பாயிண்ட் புதிதாகப் போட்டிருப்பதால் இடைவெளியையும் ஒரு முறை பாருங்கள். 14 முதல் 16 தவ், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புது பாயிண்ட்டில், அதைத் திறக்கிற மேடுள்ள தண்டு, அதாவது கேம், உரசுகிற அந்த நைலான் குதிகால் தேய்ந்து படிகிறவரை இடைவெளி குறைந்துகொண்டே வரும். கேமில் ஒரு பொட்டு கிரீஸ் வைக்காமல் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பிளக்குக்கு 25 தவ். இடைவெளி அளக்கிற தகடான ஃபீலர் கேஜ் இல்லையென்றால் ஹாக்சா பிளேடின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆனால் ஐயா, நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கழற்றிய பழைய காயில், பழைய கண்டென்சர் எல்லாம் எங்கே? அவற்றை மாற்றியும் கோளாறு போகவில்லை என்றால், பெரும்பாலும் அவை நல்ல சாமான்கள். அந்தக் காலத்து நல்ல சாமான்கள். ஷெட்டில் மூலையில் போட்டிருந்தால் இன்றைக்கே போய்க் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் துடைத்து, துணியில் சுற்றி டிக்கியில் போடுங்கள். மலையில் மாட்டிப் பார்க்க நல்ல கண்டென்சர் வேண்டும் என்றேனே, உங்களிடமே இருந்திருக்கிறது. இனி எந்த மெக்கானிக் எதை மாற்றினாலும் கழற்றியதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இதை வெட்கப்படாமல் கேட்கலாம், நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். அந்தக் குட்டி ஒயரை மட்டும் இழுத்துப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், பல்பை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்புங்கள். நின்ற இடத்தில் பல்பு எரிந்ததா, சிமிட்டியதா, எரியவே இல்லையா, ஸ்பார்க் நீலமா மஞ்சளா என்று பார்த்து எழுதுங்கள். ஸ்பார்க் நன்றாக இருந்தது, பிளக்கும் காய்ந்து கிடந்தது என்றால் பெட்ரோல் பக்கம் போகலாம். அதற்கு வேறு ஒரு நாள் பேச வேண்டும்.